ஓசிடி குழு சிகிச்சை: 12 ஞாயிற்றுக்கிழமைகள் போய்வந்த அனுபவம்

மதுரையில் சின்னதாக ஒரு மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். இரவு 10 மணிக்கு ஷட்டரை இறக்கினால் வீடு போய்ச் சேர பதினொன்றரை ஆகிவிடும். வீடு 2 கிலோமீட்டர்தான். பூட்டை இழுத்துப் பார்ப்பேன், பைக்கில் பாதி தூரம் போய்த் திரும்பி வருவேன், மறுபடியும் இழுப்பேன். அதைவிடக் கொடுமை, யாருக்காவது மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்ற எண்ணம். பில்லைத் தேடி எடுத்து ஃபோன் போட்டு, "ஐயா, அந்த அட்டையில என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிங்க" என்று கேட்பேன். ஒருமுறை நடு இரவில் ஒரு பெரியவர் வீட்டுக் கதவையே தட்டினேன். மருந்து சரியாகத்தான் இருந்தது. எப்போது போய்ப் பார்த்தாலும் சரியாகத்தான் இருந்தது.

இது ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய் என்று சொல்லி மனநல மருத்துவர் செர்ட்ரலின் என்ற மாத்திரை எழுதிக்கொடுத்தார். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் அதிக அளவு தேவைப்படும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம் என்றார். மாத்திரை படபடப்பைக் குறைத்தது. பூட்டை இழுக்கும் கையை நிறுத்தவில்லை. அதற்காகத்தான் இந்தக் குழுவுக்கு அனுப்பினார்.

ஒரு தனியார் மனநல மருத்துவமனையின் மாடி அறை. ஞாயிறு காலை 10 முதல் 12 வரை, 12 வாரம். நாங்கள் எட்டுப் பேர், ஒரு உளவியலாளர், கூடவே ஒரு பயிற்சி மாணவி. ஒரு நாளுக்கு 500 ரூபாய். அதே உளவியலாளரைத் தனியாகப் பார்த்தால் 1,500. முதல் நாள் படியேறும்போது, என் கடைக்கு வருகிற யாராவது உள்ளே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கால் பின்னுக்கு இழுத்தது. உள்ளே பேசுவது வெளியே போகக் கூடாது என்று எல்லோரும் சொல்லி ஒப்புக்கொண்ட பிறகுதான் உட்கார முடிந்தது.

இரண்டாம் வாரம் ஒரு தாள் கொடுத்தார்கள். குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ, கோயிலில் கெட்ட வார்த்தை கத்திவிடுவேனோ என்பது மாதிரியான எண்ணங்கள் அதில் இருந்தன. இவையெல்லாம் எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் வருபவை என்றார் உளவியலாளர். ராக்மேன் என்ற உளவியலாளரும், இலங்கையில் பிறந்த உளவியலாளர் பத்மல் டி சில்வாவும் 1978இலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்களாம். எண்ணம் எல்லோருக்கும் வருகிறது, நாம்தான் அதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறோம். ஒருவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

மூன்றாம் வாரத்திலிருந்து வேலை தொடங்கியது. பயப்படுகிற காரியத்தைச் செய்ய வேண்டும், அப்புறம் வழக்கமாகச் செய்கிற சடங்கை (பூட்டை இழுப்பது, கை கழுவுவது மாதிரி) செய்யக் கூடாது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் தொடங்கிவைத்த முறை இது. பயத்துக்கு 0 முதல் 100 வரை நாமே மதிப்பெண் போட்டுக்கொள்கிறோம். ஒரு ஞாயிறு எல்லோருமாக மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் போய், கைப்பிடிக் கம்பிகளைப் பிடித்துவிட்டுக் கழுவாத கையால் கடலைமிட்டாய் சாப்பிட்டோம். எனக்கு அது ஒன்றுமே இல்லை. பக்கத்தில் நின்ற அக்காவுக்கு 90. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

எனக்கான வேலை வேறு. கவுண்டரில் சீட்டையும் அட்டையையும் ஒருமுறை ஒப்பிட வேண்டும். அது தொழில், எந்த மருந்தாளுநரும் செய்வது. அதற்குப் பிறகு ஃபோன் இல்லை. ஐந்தாம் வாரம் நடுங்கிக்கொண்டே வந்து உட்கார்ந்தேன். "நேத்து ஒரு அம்மாவுக்கு மெட்ஃபார்மின் 500க்குப் பதிலா 1000 கொடுத்துட்டேனோ?" அதே அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: "கொடுத்திருக்கலாம் தம்பி. கொடுக்காமலும் இருந்திருக்கலாம். ஃபோன எடுக்காம எங்ககூட உட்காருங்க." 85இல் இருந்த பயம் முக்கால் மணி நேரத்தில் 40க்கு இறங்கியது. வீட்டில் என்றால் என் மனைவி "அதெல்லாம் சரியாத்தான் கொடுத்திருப்பீங்க" என்று அன்போடு சொல்லியிருப்பார். அந்த ஆறுதல் பத்து நிமிடம் தாங்கும், அப்புறம் மறுபடி கேட்பேன். அந்த அக்காவால் ஆறுதல் சொல்லாமலும் இருக்க முடிந்தது, என்னை விட்டுவிடாமலும் இருக்க முடிந்தது. அந்த நடுக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் அவர். 1,500 ரூபாய் கொடுத்துத் தனியாகப் போயிருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது.

குறைகளும் சொல்ல வேண்டும். குடும்பத்தாரை ஏழாம் வாரம் ஒரே ஒரு நாள்தான் கூப்பிட்டார்கள். அன்று கற்றுக்கொண்ட "பூட்டியிருக்கலாம், பூட்டாமலும் இருக்கலாம்" என்ற பதிலைத்தான் என் மனைவி இன்றும் சொல்கிறார். அதை முதல் மாதமே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். மனதுக்குள்ளேயே எண்ணுகிறவர்கள், ஜபிக்கிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். கைக்கும் பூட்டுக்கும் கிடைத்த நேரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 12 வாரம் முடிந்ததும் சட்டென்று நின்றுவிட்டது. மாதம் ஒரு நாளாவது குழு தொடர்ந்து கூட வேண்டும் என்று கேட்டு எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

ஓசிடி எவ்வளவு கடுமை என்று அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில் 40க்கு 27 இருந்தேன், முடிக்கும்போது 14. இப்போது பத்தே காலுக்கு வீட்டில் இருக்கிறேன். போன வாரம் ஒரு நாள் மட்டும் பாதி வழியில் திரும்பினேன். ஷட்டர் கண்ணில் படும் முன் வண்டியை நிறுத்தி, பூட்டைத் தொடாமலே வீட்டுக்குப் போனேன்.

அடுத்த குழு தை மாதம் தொடங்குகிறது, மறுபடியும் எட்டு இடம்தான். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். முதல் நாள் படியேற யாராவது கூட வர வேண்டும் என்றால் நான் வருகிறேன்.