புறநோயாளர் மறுவாழ்வுப் பதிவேடு: எக்செல்லா, ரெட்கேப்பா?

செலவு: எக்செல் பெரும்பாலும் கணினியில் ஏற்கெனவே இருக்கும். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004இல் உருவான, இணையப் படிவங்கள் வழியே ஆய்வுத் தரவுகளைச் சேகரிக்கும் மென்பொருளான ரெட்கேப், இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்கு உரிமக் கட்டணமின்றிக் கிடைத்தாலும், சர்வரையும் அதைப் பராமரிப்பவரையும் நிறுவனமே ஏற்க வேண்டும்.

தொடர் அளவீடு: முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இதுவே என்பேன். ஒரே நோயாளி பல வாரங்கள் வந்து, ஒவ்வொரு கட்டத்திலும் நடைவேகமும், அன்றாடச் செயல்களைத் தானே செய்யும் திறனைக் காட்டும் பார்தெல் மதிப்பெண்ணும் அளக்கப்படும்போது, எக்செல்லில் வரிசைகள் எளிதில் குழம்பிவிடுகின்றன. ரெட்கேப்பிலோ ஒவ்வொரு வருகையும் அதே நோயாளியின் பதிவின்கீழ் அமைவதோடு, பார்தெல் மதிப்பெண்ணின் வரம்பை 0 முதல் 100 என வகுத்துவிட்டால் அதற்கு வெளியே எண் இடும்போது எச்சரிக்கையும் வருகிறது. எக்செல்லிலும் வரம்பு விதிக்கலாம். ஆனால் வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் அது காக்காது.

அந்தரங்கம்: யார் எதைத் திருத்தினார் என்ற தடம் ரெட்கேப்பில் தானாகப் பதிவாகிறது.

சிகிச்சையாளர் ஒருவரே பதியும் சிறு மையத்துக்கு, கடவுச்சொல்லிட்ட எக்செல் கோப்பு போதும். பலர் பதிந்து, விளைவுகளை ஒப்பிட விரும்பும் இடத்துக்கு ரெட்கேப்பே ஏற்றது.