பீன்யாவில் டிஃபரென்ஷியல் பிரித்த கதை: கடை எப்படி, வேலை எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடையின் பெயரை இங்கே போடவில்லை. "ஏற்கனவே மூணு வண்டி வெயில்ல நிக்குது தம்பி, இன்னும் கூட்டம் சேத்து விட்றாத" என்று கடை நடத்தும் மெக்கானிக் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெங்களூரில் பீன்யா செகண்ட் ஸ்டேஜ் பக்கம், லேத் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு ஷட்டர். போர்டு கூட சரியாகக் கிடையாது. நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் தனியாகக் கேளுங்கள், எண் தருகிறேன்.

என்னுடையது ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ்., 2006 மாடல், 1.8 டர்போ பெட்ரோல், ஐந்து கியர் மேனுவல். நான்கு கதவு வைத்துக்கொண்டு ஸ்போர்ட்ஸ் கார் என்கிறாயா என்று கேட்பவர்களோடு சண்டை போட்டு அலுத்துவிட்டது. கம்பெனியிலிருந்து வரும்போது 150 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). மூன்று வருஷம் முன்னால் நகரத்துக்குள்ளேயே ஒரு டியூனிங் கடையில் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) செய்தேன், டார்க் 300 பக்கம் போனது. டைனோ ஷீட்டை, அதாவது இன்ஜின் சக்தியை அளந்து போட்ட தாளை, பெரிதாகப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தார்கள், சட்டம் போடாத குறைதான். ஆனால் அந்தக் கூடுதல் டார்க்கை எந்தப் பல் சக்கரம் தாங்கப்போகிறது என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரம்.

இந்த வண்டியில் இருப்பது 02ஜே கியர்பாக்ஸ். கியரும், வளைவில் இரண்டு முன்சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டுக்குள், ஒரே ஆயிலில். அதில் கிரவுன் வீலை, அதாவது கியரிலிருந்து சக்தியை வாங்கும் பெரிய பல் சக்கரத்தை, டிஃபரென்ஷியல் கூண்டோடு பிடித்திருப்பது போல்ட் இல்லை, ரிவெட். 150 குதிரைத்திறனுக்கு அது போதும். ஆனால் இன்ஜின் தரும் டார்க் முதல் கியரில் கிரவுன் வீலுக்கு வந்து சேரும்போது பத்து மடங்குக்கு மேல் பெருகியிருக்கும். பல் சாய்வாக வெட்டியிருப்பதால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வீல் ஒரு பக்கம் தள்ளும், காலை எடுத்தால் மறுபக்கம். இந்த இழுபறியில் ரிவெட் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு தளரும். தலை உடைந்து விழுந்தால் சுற்றுகிற வீலுக்கும் அலுமினியக் கூட்டுக்கும் நடுவில் சிக்கி, கூட்டையே ஓட்டை போட்டுவிடும். அப்புறம் கியர்பாக்ஸே புதிதாகத் தேட வேண்டியதுதான்.

எனக்கு அறிகுறி வந்தது ஒரு மழை நாளில். ஹெப்பால் ஃப்ளைஓவர் ஏறும் இடத்தில் கொஞ்சம் வேகமாகக் கிளம்பினேன், வலது பக்க டயர் வழுக்கிச் சுற்றியது, பிடி கிடைத்ததும் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு ரிவர்ஸ் போட்டு எடுக்கும்போதெல்லாம் அதே டக். கம்மனஹள்ளியில் ஒரு கராஜில் காட்டினால் இன்ஜின் மவுன்ட் என்றார்கள். மாற்றினேன். காசு போனது, சத்தம் போகவில்லை.

பிறகு நண்பன் சொல்லித்தான் பீன்யாவுக்குப் போனேன். அண்ணன் நாமக்கல்காரர், லாரி கிரவுன் பினியன் வேலையில் கை பழகியவர். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஜாக்கியில் ஏற்றி, முன்சக்கரத்தை முன்னும் பின்னும் கையால் ஆட்டிப் பார்த்தார், ட்ரெய்ன் போல்ட்டைக் கழற்றி ஒரு டம்ளர் ஆயிலைப் பழைய பிஸ்கட் டின் மூடியில் ஊற்றி, வெயிலில் சாய்த்துப் பிடித்தார். ஜிகினா மாதிரி மினுமினுத்தது. "இது மவுன்ட்டு இல்ல தம்பி, உள்ள எதோ தின்னுகிட்டு இருக்கு. ஓட்டாத, இங்கயே விட்டுட்டுப் போ" என்றார்.

இறக்கிப் பிரித்த அன்று என்னை வரச்சொன்னார். இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், எதையும் நம் கண்ணில் காட்டாமல் தொடமாட்டார். ஒரு ரிவெட்டின் தலையை விரல் நகத்தால் தள்ளினார், சுற்றியது. பக்கத்தில் இருந்ததும் அப்படித்தான். கூட்டின் உள்சுவரில், அந்தத் தலை உரசிய இடத்தில், பிறை மாதிரி ஒரு பளபளப்பான கீறல். அதற்குள் விரலை வைத்துப் பார்த்தேன், நகம் மாட்டியது.

இனி காசுக் கணக்கு. இரண்டு வழி சொன்னார். பழைய கூண்டையே வைத்துக்கொண்டு ரிவெட்டை எடுத்துவிட்டு உயர்தர போல்ட் போடுவது ஒன்று. இன்னொன்று, கூண்டையே தூக்கிவிட்டு லிமிடெட் ஸ்லிப் (எல்எஸ்டி), அதாவது ஒரு டயர் வழுக்கினாலும் மற்றதற்கும் சக்தி அனுப்பும் டிஃபரென்ஷியல், போடுவது. இங்கிலாந்தின் குவேஃப் கம்பெனி இந்த கியர்பாக்ஸுக்கென்றே ஒன்று செய்கிறது, வாழ்நாள் வாரன்டியோடு. போல்ட் செட் பன்னிரண்டாயிரம் சொச்சம். குவேஃப், ஷிப்பிங்கும் சுங்க வரியும் சேர்த்து எனக்கு ஒன்றரை லட்சத்தைத் தொட்டது. கழற்றி மாட்டும் கூலி எதற்கும் ஒன்றுதான், 22,000. "ரெண்டாவது உனக்கு ஆசை, மொதல்ல சொன்னது தேவை" என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். நான் ஆசைக்குப் போனேன். மறுபடி ஒரு தடவை கியர்பாக்ஸை இறக்கக் கூலி கொடுக்க மனசு வரவில்லை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

கூண்டு எதுவானாலும் பழைய கிரவுன் வீல் திரும்ப வேண்டும், அது ஷாஃப்ட்டில் இருக்கும் பல்லோடு சேர்ந்து தேய்ந்து பழகியது. அதனால் ரிவெட்டைப் பதமாக எடுக்க வேண்டும். சில இடங்களில் கேஸ் கட்டிங் வைத்து ஊதிவிடுவார்களாம், பல்லின் பதம் போய்விடும். இவர் ஒவ்வொரு தலையிலும் நடுப்புள்ளி குத்தி, ட்ரில்லிங் மெஷினில் நிதானமாகக் குடைந்து, மீதியை பிரஸ்ஸில் தள்ளினார். அரை நாள் ஆனது. வீலைச் சூடாக்கி, விரிந்த நிலையில் புது கூண்டில் உட்கார வைத்து, லாக்டைட் பசை தடவிய போல்ட்டுகளை எதிரெதிராக டார்க் ரெஞ்ச்சில் முறுக்கினார். பேரிங் இரண்டும் புதிது. ஷிம், அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் தகடு, எத்தனை பருமன் வேண்டும் என்று டயல் கேஜ் வைத்து மூன்று தடவை அளந்தார், மூன்றாவது தடவை எனக்குப் பொறுமை போய் டீ குடிக்கக் கிளம்பிவிட்டேன்.

ஆயில் விஷயத்திலும் ஒரு பாட்டு வாங்கினேன். முன்னால் ஒரு கராஜில் 'கெட்டியான நல்ல ஆயில்' என்று ஜிஎல்-5 தர கியர் ஆயில் ஊற்றியிருந்தார்கள். இந்த மாதிரி பெட்டிக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-4 தான், ஜிஎல்-5 வகையில் இருக்கும் கந்தகச் சேர்மானம் கியர் சுலபமாக விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். குவேஃப் உள்ளே கிளட்ச் தட்டு எதுவும் இல்லை, முழுக்கப் பல் சக்கரம்தான், அதனால் தனி அடிட்டிவும் தேவையில்லை.

இப்போது ஓட்டினால் எப்படி இருக்கிறது? நந்தி ஹில்ஸ் கொண்டை ஊசி வளைவில் முன்பெல்லாம் பாதியில் மிதித்தால் உள்பக்க டயர் கீச்சிடும், மூக்கு வெளியே போகும். இப்போது மிதிக்க மிதிக்க வண்டி உள்ளே இழுக்கிறது. முதல் தடவை நானே பயந்து காலை எடுத்துவிட்டேன். மேடு பள்ளமான ரோட்டில் மட்டும் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடிக்க முடியாது, கொஞ்சம் பிடுங்கும். இன்னொரு விஷயம், இந்த வகை எல்எஸ்டி மாயாஜாலம் செய்யாது. ஒரு டயர் முழுக்க அந்தரத்தில் தொங்கினால் இதுவும் சாதாரண டிஃபரென்ஷியல் மாதிரி அந்த டயரையே சுற்றும். எங்கள் பேஸ்மென்ட் சரிவில் கோணலாக ஏறும்போது அப்படி ஆனது, பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஏறிவிடுகிறது.

குறைகளும் உண்டு. ஒரு வாரம் என்றார், 24 நாள் ஆனது. பார்ட் சுங்கத்தில் மாட்டியது அவர் தப்பில்லை, ஆனால் போனை எடுக்காதது அவர் தப்புதான். பில் கேட்டால் பேச்சை மாற்றுகிறார், நான்கு தடவை கேட்டுத்தான் வாங்கினேன். உட்கார இடம் கிடையாது. பத்து நாளில் இடது பக்க ஆயில் சீல் கசிந்தது. எடுத்துப் போனதும் முகம் சுளிக்காமல், காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். ஆனால் ஆயில் காசு மட்டும் கணக்காக வாங்கிக்கொண்டார், மனுஷன்.

வண்டியை எடுக்கும்போது "இனிமே இது ஒடையாது, ஒடைஞ்சா கிளட்ச்சு, இல்லைன்னா ட்ரைவ் ஷாஃப்ட்டு" என்றார். கிளட்ச் போன வாரம் நான்காவது கியரில் வழுக்க ஆரம்பித்துவிட்டது, ஆக மறுபடியும் பீன்யாதான். போகிறவர்கள் காலை பத்துக்கு முன்னால் போய்விடுங்கள், கொரகுண்டெபாள்யா சிக்னலில் மாட்டினால் அரை நாள் போச்சு. வண்டியை விட்டுவிட்டுத் திரும்ப பீன்யா இண்டஸ்ட்ரி மெட்ரோ இருக்கிறது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் போகாதீர்கள், அண்ணன் ஊருக்கு பஸ் ஏறியிருப்பார்.