தேனில் குழைத்த மருந்தும் கடைசிப் பந்தியும்: 3 வருட அனுபவம்

மூன்று வருடமாகப் புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தேனில் குழைத்து விழுங்கி வருகிறேன். ஆஸ்துமாக்காரர்கள் மருந்தைப் புகைபோல இழுக்கும் நெபுலைசர் கருவியில் ஊற்றும் அதே ரெஸ்பியூல்தான் (சின்னக் குப்பி மருந்து). எனக்கு இருப்பது இயோசினோபிலிக் ஈசோஃபேஜைட்டிஸ். ஒவ்வாமையால் உணவுக்குழாயின் உட்சுவர் தடித்து, விரிந்து கொடுக்காமல் போய், சாப்பாடு நடுநெஞ்சில் நின்றுவிடும்.

வலங்கைமான் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில்தான் பெரிதாக அடைத்தது. பாதி வடை. தண்ணீர் குடித்தால் அதுவும் திரும்பி வந்தது, எச்சில்கூட இறங்கவில்லை. அன்று ராத்திரி தஞ்சாவூரில் எண்டோஸ்கோப்பி செய்து எடுத்தார்கள். அதுவரை நான்கு வருடம் வாயுத்தொல்லை என்றே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். (அந்த மாத்திரையே இந்த நோய்க்கும் சிலருக்குக் கேட்கும். எனக்குக் கேட்கவில்லை.) பயாப்ஸியில், அதாவது குழாயின் உட்சுவரில் துணுக்கு எடுத்துப் பார்க்கும்போது, நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் பரப்புக்குள் 15 இயோசினோபில் செல்கள் (ஒவ்வாமையில் பெருகும் ஒருவகை வெள்ளை அணுக்கள்) தெரிந்தாலே கவனிக்க வேண்டும். எனக்கு 40க்கு மேல்.

தேன் கெட்டியாக இருந்தால்தான் மருந்து குழாயில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கும். அப்புறம் அரை மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், வாயை மட்டும் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். இதில் அசட்டையாக இருந்து ஒருமுறை நாக்கெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை படிந்தது. மூன்றாம் மாதம் அந்தச் செல்களின் எண்ணிக்கை 6க்கு இறங்கியது. நன்றாகத்தானே இருக்கிறது என்று குறுவை நடவு சமயத்தில் நானே மருந்தை நிறுத்தினேன். அறுவடைக்கு முன்பே மறுபடி அடைத்தது. யாரும் நானாக நிறுத்தியதுபோல் நிறுத்தாதீர்கள்.

ஒவ்வாமைக்குக் காரணம் பாலா என்று பார்க்க, மருத்துவர் சொல்லி, மருந்துக்குப் பதில் பால் சாப்பிடுவதை நிறுத்தியும் பார்த்தேன். 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 129 பெரியவர்கள் இருந்தார்கள். பாலை மட்டும் விட்டவர்களில் 34 சதவீதம் பேருக்கும், பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டைகள், மீன் வகை என ஆறையும் விட்டவர்களில் 40 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியது. கும்பகோணத்துக்காரனுக்குக் காபி, தயிர்சாதம், மோர் எல்லாம் இல்லாத இரண்டு மாதம் சாதாரணமில்லை. போன வீட்டிலெல்லாம் காபியை மறுத்து மனவருத்தம் வேறு. எண்ணிக்கை மறுபடி ஏறியதுதான் மிச்சம். சரி, பால் என் எதிரி இல்லை என்று மருந்துக்கே திரும்பினேன்.

ஆனால் எண்ணிக்கை இறங்கியும் பயம் இறங்கவில்லை. இந்த நோயுள்ள பெரியவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் உண்டு. சாப்பாடு, நாலு பேரோடு பழகுவது, மனநிலை, நோயைப் பற்றிய கவலை, விழுங்கும்போது வரும் பயம் என்று ஐந்து பக்கமும் கேட்கும். என்னிடம் யாராவது முதலிலேயே இதைக் கேட்டிருக்கக் கூடாதா என்று இருக்கிறது. நம் ஊர்ப் பந்தியில் நாம் சாம்பாரில் இருக்கும்போதே அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார். ஒவ்வொரு கவளத்தையும் கூழாக மென்று, தண்ணீரோடு இறக்குகிறவனுக்கு அது நரகம். இரண்டு வருடம் விசேஷங்களுக்கு மொய் எழுதிவிட்டு அப்படியே திரும்பிவிடுவேன். "ஏன்டா தம்பி, கை நனைக்காம வந்துட்டியா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் பொய் சொன்னேன்.

கடைசியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்தான், "பரிமாறினவங்களோட கடைசிப் பந்தியில உட்காரு, யாரும் எழுப்ப மாட்டாங்க" என்றார். இப்போது அப்படித்தான். போன தை மாதம் அத்தை பேத்தி கல்யாணத்தில் நாற்பது நிமிடம் சாப்பிட்டேன். வடையை ரசத்தில் ஊறப்போட்டு முழுசாகத் தின்றேன்.