வியூவில் மவுன்ட்: பனியன் கம்பெனி ஸ்கிரீன்களில் ஆறு வருட அனுபவம்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு சாப்ட்வேர் செய்து தருவது என் தொழில். கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எந்த லாட் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் ஸ்கிரீன்கள்தான் பெரும்பாலும். 2019-லிருந்து அவற்றை வியூவில் (Vue, பிரவுசரில் ஓடும் ஸ்கிரீன்களை எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி) எழுதுகிறேன். முதலில் வெர்ஷன் 2. அதற்கான ஆதரவு 2023 டிசம்பரோடு முடிகிறது என்றதும் ஒவ்வொன்றாக வெர்ஷன் 3-க்கு மாற்ற ஆரம்பித்தேன். இத்தனை நாளில் எனக்கு அதிகம் கைகொடுத்ததும், அதிகம் தூக்கத்தைக் கெடுத்ததும் மவுன்ட்தான், அதாவது எழுதிய ஸ்கிரீன் பகுதியைப் பக்கத்தில் ஓரிடத்தில் பொருத்துவது. அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வியூவை எடுத்ததற்குக் காரணமே அதுதான். எங்களுடைய பழைய சாப்ட்வேர் முழுக்க பிஎச்பி (சர்வரில் பக்கத்தைத் தயாரிக்கும் மொழி). ஓடுகிற ஒன்றைத் தூக்கிப் போட்டுப் புதிதாக எழுத எந்த முதலாளியும் காசு தரமாட்டார். வியூவில் பழைய பக்கத்துக்குள்ளேயே ஒரு டிவ் (பக்கத்தில் ஒரு பெட்டி) வைத்து, அதற்கு ஐடி கொடுத்து, அந்த இடத்தில் மட்டும் மவுன்ட் செய்துகொள்ளலாம். முதலில் டெலிவரி சலானில் வரிகளைச் சேர்க்கும் பகுதியை மட்டும் அப்படி மாற்றினேன். மற்றதெல்லாம் இருந்தபடியே ஓடியது. ஆறே மாதத்தில் அதே பக்கத்தில் மூன்று இடங்களில் மூன்று ஆப் உட்கார்ந்துவிட்டன. சின்ன ஊர்க் கம்பெனிகளுக்கு வேலை செய்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை என்பேன்.

கவனிக்க வேண்டியது, ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்தில் அந்த டிவ் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஸ்கிரிப்டைத் தலைப்பகுதியில் டிஃபர் (பக்கத்தைப் படித்து முடித்த பிறகே ஓடு என்று சொல்லும் குறிப்பு) இல்லாமல் போட்டால் மவுன்ட் செய்ய இடம் கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கைதான் வரும். வெர்ஷன் மாறும்போது இன்னொன்று: 2-ல் நாம் காட்டும் டிவ்வையே நீக்கிவிட்டு அந்த இடத்தில் காம்போனென்ட் (நாம் எழுதிய ஸ்கிரீன் பகுதி) வரும், 3-ல் டிவ் அப்படியே நிற்க, அதன் உள்ளே வரும். முழு உயரத்துக்கு நின்ற எங்கள் டிவியில் காட்டும் போர்டு பாதியாகச் சுருங்கியது அதனால்தான். வெளி டிவ்வுக்கும் உயரம் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

இனி, உண்மையிலேயே வலித்த இடம். செக்கிங் டேபிளில் ஒரு டேப்லெட் வைத்திருந்தோம். அதன் திரையில் செக்கிங், பேக்கிங் என்று மாற்றி மாற்றிப் பார்க்க இரண்டு டேப் (tab). 5 விநாடிக்கு ஒரு முறை சர்வரில் கேட்டு எண்ணிக்கையைப் புதுப்பிக்கும். வெர்ஷன் 3-க்கு மாற்றிய ஒரு வாரத்தில் அங்கிருக்கும் சூப்பர்வைசர் அக்கா போன் செய்தார். "ஏனுங் தம்பி, காலையில நல்லாத்தான் இருக்குது. மத்தியானத்துக்கு மேல தொட்டா நகரவே மாட்டீங்குதுங்க."

காலையில் அணைத்துப் போடுவதால் அப்போது மட்டும் நன்றாக இருக்கிறது என்று புரிந்தது. நேரில் போய் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பார்த்தேன். ஒரே கேள்வி சரம் சரமாகப் போய்க்கொண்டிருந்தது. டேப் மாற்றும்போது வி-இஃப் (நிபந்தனை பார்த்துக் காட்டும் வியூ கட்டளை) பழைய காம்போனென்டை எடுத்துவிடுகிறது. ஆனால் அது மவுன்ட் ஆனபோது ஆரம்பித்த டைமர் நிற்கவில்லை. 60 முறை செக்கிங் டேப்புக்கு வந்து போனால் 60 டைமர், விநாடிக்கு 12 கேள்வி. டைமரை நிறுத்தும் வரி இருந்தது. அது பிஃபோர்டெஸ்ட்ராய் என்ற பழைய ஹூக்கில் (காம்போனென்டை எடுக்கும் முன் வியூ தானாகக் கூப்பிடும் ஃபங்ஷன்) இருந்தது. வெர்ஷன் 3-ல் அதன் பெயர் பிஃபோர்அன்மவுன்ட். பழைய பெயரை விட்டுவைத்தால் எந்தப் பிழையும் காட்டாது. அந்த ஹூக் கூப்பிடப்படாது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஆன்மவுன்டெட் (மவுன்ட் ஆனதும் ஓடும் ஹூக்) எழுதினால், உள்ளே எதையும் நிரப்பும் முன் அதன் கீழேயே ஆன்அன்மவுன்டெட்டையும் (எடுத்த பிறகு ஓடுவது) எழுதிவிடுகிறேன். வெர்ஷன் 3-ன் கம்போசிஷன் என்ற எழுதும் முறையில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் நிற்பது எனக்குப் பெரிய நிம்மதி.

அதுவும் போதவில்லை. ஷெட்டில் நெட் மெதுவாக இருக்கும். மவுன்ட் ஆனதும் சர்வரிடம் கேட்டு, பதில் வந்த பிறகு டைமரை ஆரம்பிப்பதாக எழுதியிருந்தேன். பதில் வருவதற்குள் அக்கா டேப்பை மாற்றிவிட்டால்? அன்மவுன்ட் முதலில் ஓடும், நிறுத்த அப்போது டைமரே இல்லை. அப்புறம் பதில் வரும், டைமர் பிறக்கும், அதை நிறுத்த ஆள் கிடையாது. இப்போது பதில் வந்ததும் காம்போனென்ட் இன்னும் இருக்கிறதா என்று ஒரு அடையாளத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

டேப் மாற்றினால் பாதி டைப் செய்த பதிவு போய்விடுகிறது என்றும் அதே அக்கா சொன்னார். நியாயமான குறை. கீப்-அலைவ் (காம்போனென்டை அழிக்காமல் வைத்திருக்கும் வியூ வசதி) போட்டதும் பதிவு அழியாமல் நின்றது. ஆனால் அதற்குள் இருக்கும் காம்போனென்ட் அன்மவுன்ட் ஆகாது, ஒதுக்கிவைக்கப்படும். அதனால் டைமரை ஆன்டீஆக்டிவேட்டடில் (ஒதுக்கும்போது ஓடும் ஹூக்) நிறுத்தி ஆன்ஆக்டிவேட்டடில் (திரும்ப எடுக்கும்போது ஓடுவது) ஆரம்பிக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் ரியாக்ட் (வியூ போலவே இன்னொரு கருவி) எழுதும் நண்பர் ஒருவர், அங்கே ஸ்ட்ரிக்ட் மோடில் எழுதும்போதே காம்போனென்டை ஒரு முறை மவுன்ட் செய்து, எடுத்து, திரும்ப மவுன்ட் செய்து பார்க்கும் என்றார். ரியாக்ட் வெர்ஷன் 18-ல் வந்த வசதி. நிறுத்தாமல் விட்ட டைமர் முதல் நாளே தெரிந்துவிடும். வியூவிலும் இது வர வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன். இப்போதைக்கு நானே ஒரு பொத்தான் வைத்து, டேப்பை 50 முறை மாற்றிப் பார்த்த பிறகுதான் கம்பெனிக்குக் கொடுக்கிறேன்.

செக்கிங் டேப்லெட்டை இப்போது யாரும் அணைப்பதில்லை. சாயப்பட்டறை வரவுப் பக்கம் மட்டும் இன்னும் வெர்ஷன் 2-ல் நிற்கிறது. தீபாவளி ஆர்டர் ஓய்ந்ததும் எடுப்பேன். பிஃபோர்டெஸ்ட்ராய் எத்தனை ஃபைலில் இருக்கிறது என்று தேடுவதுதான் முதல் வேலை.