ஃபீல்ட் ஆர்ச்சரி கோர்ஸ்: சமதளத்தில் மட்டும் எய்பவர்கள் போய்ப் பாருங்கள்

சியாட்டிலுக்கு வடக்கே காட்டுக்குள் ஒரு வில்வித்தை கிளப் நடத்தும் ஃபீல்ட் கோர்ஸுக்கு, அதாவது மேடுபள்ளமான பாதையில் ஆங்காங்கே இலக்குகள் வைத்திருக்கும் இடத்துக்கு, இந்தக் கோடை முழுக்கப் போய்க்கொண்டிருக்கிறேன். மைதானத்தில் ஒரே கோட்டில் நின்று ஒரே தூரத்துக்கு எய்து பழகியவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அமைப்பு என்.எஃப்.ஏ.ஏ. (அமெரிக்காவின் தேசிய ஃபீல்ட் ஆர்ச்சரி சங்கம்) முறைப்படி. பாதையில் 14 இலக்குகள், இரண்டு தடவை சுற்றினால் 28. ஒவ்வொன்றுக்கும் 4 அம்பு. நடுவில் பட்டால் 5 புள்ளி, அப்புறம் 4, 3. எல்லாமே நடுவில் விழுந்தால் 560. தூரம் எழுதியே இருக்கும், அப்புறம் என்ன கஷ்டம் என்று தோன்றும். கஷ்டம் தரையில் இருக்கிறது.

சரிவில் கீழ்நோக்கி 50 யார்டு, சாய்வு 30 டிகிரி என்று வையுங்கள். சைட்டை (வில்லில் குறிபார்க்கும் கருவி) 43 யார்டுக்கு வைத்து எய்ய வேண்டும், ஏனென்றால் அம்பு எவ்வளவு தாழும் என்பதைக் கிடைமட்டத் தூரம்தான் தீர்மானிக்கிறது. மேல்நோக்கி எய்தாலும் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் புதிதாக வருகிறவர்கள் மேடு என்றாலே கூட்டி வைத்துவிடுகிறார்கள், அம்பு இலக்கைத் தாண்டிப் புதருக்குள் போய் விழுகிறது. கணக்கு சரியாக இருந்தாலும் வில் பிடித்த கையை மட்டும் தாழ்த்தினால் தோள் நிலை கெட்டுவிடும். நேராக நின்று நாணை இழுத்து, கை தாடையில் ஊன்றிய பிறகு இடுப்பிலிருந்து சாய வேண்டும். இதைச் சமதளத்தில் எத்தனை வருடம் எய்தாலும் பழக முடியாது. பக்கவாட்டுச் சரிவில் நின்றால் வில் தானாகச் சாயும், காம்பவுண்ட் (கப்பி வைத்த வில்) வைத்திருப்பவர்கள் சைட்டில் உள்ள மட்டக் குமிழைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 80 யார்டு இலக்கு. ஒரு அம்பு எய்ததும் முன்னால் நடந்து 70, 60, 50 என்று நிற்கிறோம், ஒவ்வொரு முறையும் சைட் மாறுகிறது, அவசரப்பட்டால் மாற்ற மறந்துவிடும். இதற்கு நேர் எதிர் சின்ன இலக்கு, 35 அடியில் தொடங்கி 20 அடி வரை. அவ்வளவு கிட்டத்தில் அம்பு கண்ணுக்குக் கீழிருந்து கிளம்புவதால் சைட்டை இறக்கி, அதாவது தூர இலக்குக்கு வைப்பதுபோல் வைக்க வேண்டும். நிற்கும் இடத்தைக் காட்டும் வெள்ளை முளைகள் ஃபீல்ட் சுற்றுக்கு, சிவப்பு முளைகள் ஹன்டர் சுற்றுக்கு, அதனால் ஒரே பாதையில் வேறு தூரங்களும் கிடைக்கின்றன.

குறையும் சொல்ல வேண்டும். 80 யார்டு பேலின் (இலக்குக்குப் பின்னால் அம்பைத் தாங்கும் கட்டு) நடுப்பகுதி நைந்துபோய் அம்பு ஊடுருவிப் பின்னால் போய்விடுகிறது. தேடப் போகிறவர்கள் வில்லை இலக்கின் முன்னால் சாய்த்து வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், பின்னால் வரும் குழுவுக்கு அதுதான் அடையாளம். பலர் வைப்பதில்லை, இது உயிர் விஷயம். கிளப் அந்த நடுப்பகுதியை உடனே மாற்றியாக வேண்டும்.

போகிறவர்கள் நாலைந்து அம்பு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், கீழே இறங்கும் பாதை பயங்கரமாக வழுக்குகிறது.