காதர்பேட்டை தெர்மல் செட்: ஊட்டியிலும் குல்மார்க்கிலும்

திருப்பூர் காதர்பேட்டையில் வாங்கிய தெர்மல் செட்டை (குளிருக்கு உடம்பை ஒட்டி உள்ளே போடும் உடை) இந்தக் குளிர்காலத்தில் ஊட்டியிலும் காஷ்மீரின் குல்மார்க்கிலும் போட்டுப் பார்த்தேன். பருத்தி அதிகம் கலந்த துணி. தையல் அருமை, அக்குளில் உறுத்தவே இல்லை.

ஊட்டிக்கு இது தாராளம். சுமார் 2,240 மீட்டர் உயரம். ஜனவரியில் மேகமில்லாத இரவில் தரை வெப்பத்தை இழந்துவிட, விடியும்போது தலைகுந்தா புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறினால் கரைந்துவிடும். மேலே ஒரு ஸ்வெட்டர் போதும்.

குல்மார்க்கில் நிலைமையே வேறு. மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்ற குளிர்கால மழை, பனி மண்டலங்கள் பனியைக் கொட்டித் தீர்க்கின்றன. டிசம்பர் 21இல் தொடங்கும் சில்லை கலான் 40 நாளும் கடுங்குளிர். பனியில் கால் புதையப் புதைய நடந்தால் நன்றாக வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் முதுகு சில்லிட்டுப் போகும். அங்கே உடம்பை ஒட்டி கம்பளியோ பாலியஸ்டரோதான் இருக்க வேண்டும்.

கடைக்கார அண்ணன் “எந்த ஊருக்குப் போறீங்க?” என்று கேட்டுத்தான் ரகத்தையே எடுப்பார், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. பாலியஸ்டர் ரகமும் அவரிடம் உண்டு. மணிக்கட்டுப் பட்டையை இழுத்துப் பார்த்து வாங்குங்க, அது தளர்ந்தால் குளிர்காற்று உள்ளே புகுந்துவிடும்.