டிக்கெட்டா, பக்கெட்டா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிளஸ் ஒன் காமர்ஸ் படிக்கிற என் அக்கா மகளும் அவள் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேரும் ஸ்கூல் ப்ராஜெக்டுக்காகக் கச்சேரி நடத்தப் போகிறார்கள். வருகிற பணம் ஊர் பாலியேட்டிவ் யூனிட்டுக்கு. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடு தேடிப் போய்ப் புண் துடைத்து மருந்து வைத்துவிட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. பணத்தை எப்படி வாங்குவது என்பதில்தான் சண்டை. ஒரு கோஷ்டி கல்யாண மண்டபம் பிடித்து 100 ரூபாய் டிக்கெட் போடலாம் என்கிறது, இன்னொன்று ஸ்கூல் மைதானத்தில் சும்மா உள்ளே விட்டுப் பாட்டுக்கு நடுவே பக்கெட் ஏந்தலாம் என்கிறது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கச்சேரியே எதுக்கு, பிரியாணிக்கு ஆர்டர் பிடித்து விற்று நிதி சேர்க்கிற பிரியாணி சேலஞ்ச் போதுமே என்று வேறு கிளப்பிவிட்டான். "மாமா, நீங்க சொல்லுங்க" என்று பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

முதலில் டிக்கெட். ப்ராஜெக்டுக்கு இதுதான் அழகு, ஒப்புக்கொள்கிறேன். விலை வைக்கலாம், விற்பனையை முன்கூட்டியே மதிப்பிடலாம், அடிக்கட்டையை எண்ணிக் கணக்கு எழுதலாம். 500 ரூபாய் வரைக்கும் உள்ள கச்சேரி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால் அந்தத் தலைவலியும் இல்லை. 300 டிக்கெட் விற்றால் 30,000. சரி, அதில் மண்டப வாடகை, சவுண்ட் செட், ஜெனரேட்டர், நோட்டீஸ் எல்லாம் போக என்ன நிற்கும் என்று கேட்டேன். ஒருத்தரும் பேசவில்லை. அதற்கு மேல் வெளியிலிருந்து ஆர்கெஸ்ட்ரா கூப்பிடலாம் என்றும் ஒரு யோசனை வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் வசூல் அவர்கள் வண்டியிலேயே ஏறிப் போய்விடும்.

காசை விடப் பெரிய சிக்கல் பாட்டில் இருக்கிறது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பள்ளிக்கூடங்களுக்கு ஒரு சலுகை கொடுக்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் பாடி, கேட்கிறவர்களும் ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் என்று இருந்தால் சினிமாப் பாட்டுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டாம். ஊருக்கே டிக்கெட் விற்றாலோ, மேடையில் வெளி ஆர்கெஸ்ட்ரா ஏறினாலோ அந்தக் குடை போய்விடும். நல்ல காரியத்துக்குத்தானே என்பது சட்டத்தில் விலக்கு இல்லை. நாட்டுப்புறப் பாட்டும் பாரதியும் மட்டும் பாடினால் தப்பிக்கலாம், ஆனால் பாரதிக்கும் சினிமா மெட்டு போடக் கூடாது என்றதும் பிள்ளைகள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

விற்றுத்தான் பார்ப்போமே என்று மாதிரிக்கு ஒரு டிக்கெட் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் அடித்து எடுத்துக்கொண்டு சனிக்கிழமை கடைவீதிக்குப் போனார்கள், நானும் பின்னாலேயே போனேன். மளிகைக்கடைக்காரர் கல்லாவிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டிவிட்டு, "கண்ணு, டிக்கெட்ட நீயே வெச்சுக்க, நான் எங்க வரப்போறேன்" என்றார். அடுத்த கடையிலும் அதே கதை. நூறு ரூபாய் டிக்கெட்டுக்கு யாரும் நூறு தரவில்லை, காசு கொடுத்தவர்களும் டிக்கெட்டைக் கிழிக்க விடவில்லை. எனக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது. இந்த ஊரில் காசு பாட்டுக்காக வருவதில்லை, எதிரே வந்து நிற்கிற பிள்ளைக்காக வருகிறது. அப்புறம் எதற்கு வாசலில் ஆளை நிறுத்திக் கூட்டத்தைக் குறைத்துக்கொள்வது?

அப்படியானால் பக்கெட்தானே என்றால், அதுவும் அவ்வளவு சுலபமில்லை. நன்றாகப் போகிற பாட்டுக்கு நடுவில் பக்கெட் கையருகே வந்தால் பின்வரிசைக்கு ஃபோன் பேசும் வேலை வந்துவிடும். கேரளத்தில் தனியார் பஸ்கள் ஒரு நாள் வசூலை யாராவது நோயாளிக்கென்று ஒதுக்கி ஓடும்போது பக்கெட் நிறைகிறதென்றால், பஸ்ஸில் ஏறியவர் எப்படியும் காசை எடுத்துக் கையில் வைத்திருக்கிறார். மைதானத்தில் அப்படி இல்லை, எல்லாம் ஜிபே. அங்கேதான் கவனம் வேண்டும். யாரோ ஒரு பையனின் அண்ணன் நம்பருக்கு க்யூஆர் ஒட்டி வைத்து, அப்புறம் எவ்வளவு வந்தது என்று மாதக்கணக்கில் முணுமுணுத்த ஒரு வசூலை நானே பார்த்திருக்கிறேன். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் (பிடிஏ) கணக்கு க்யூஆர் இல்லாவிட்டால் பக்கெட்டே வேண்டாம்.

பிரியாணி சேலஞ்ச் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்த பிறகு கேரளம் முழுக்க எத்தனை அண்டா வெந்தது என்று எல்லாரும் பார்த்தோம். ஆர்டரை முன்கூட்டியே எடுப்பதால் அரிசி எத்தனை கிலோ என்பது வரை தெரிந்துவிடும், நஷ்டம் வர வழியே குறைவு. ஆனால் வேலை முழுக்கச் சமையல்காரருடையது, பிள்ளைகள் பொட்டலம் கட்டுவார்கள், அவ்வளவுதான். ஆறு மாதமாக வயலின் பழகுகிற பெண்ணுக்கு அதில் என்ன இருக்கிறது?

என் ஓட்டு இதற்கு: கச்சேரி ஸ்கூலிலேயே, பாடுவதும் வாசிப்பதும் பிள்ளைகளே, பெற்றோருக்கு அழைப்பு, வாசலில் காசில்லை. காசு முழுக்கச் சாப்பாட்டுக் கூப்பனில், அதையும் ஒரு வாரம் முன்பே கடைகடையாக விற்றுவிட வேண்டும். வராதவருக்குப் பொட்டலம் கடைக்கே போகும். மளிகைக்கடைக்காரருக்கும் அப்போது வாங்கிக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கும்.

தேதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்றேன். ஜனவரிக்கு மேல் பாலக்காட்டில் பூரம், வேலா என்று கோயில் திருவிழாக்கள் தொடங்கிவிட்டால் நல்ல சவுண்ட் செட் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை தாங்காது. அக்டோபரில் துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழை, மத்தியானத்துக்கு மேல் இடியோடு வந்து நிற்கும். ஓணம் லீவு முடிந்த கையோடு வைத்தால்தான் உண்டு, அதற்கும் மழை வந்தால் ஒதுங்க உள் ஹால் தயாராக இருக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் மைக் பெர்மிஷன் எழுத்தில் வாங்குங்கள், இரவு 10 மணிக்கு ஸ்பீக்கர் அணைந்தாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நேற்று பார்த்தால் அடுத்த சண்டை. நோட்டீஸைத் தமிழ், மலையாளம் இரண்டிலும் அடிக்கிறார்களாம், தலைப்பில் 'கச்சேரி' என்று போடுவதா, மலையாள வழக்கில் 'கானமேளா' என்று போடுவதா என்று.